கரையில் உறுமும் எஞ்சின்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஏதாவது ஒரு மெக்கானிக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் இந்தப் புகாரைக் கேட்டுவிடலாம். “சும்மா நிக்கும்போது நல்லாதாண்ணே இருக்கு. லோடு ஏத்தினா இழுக்கல.” ஆட்டோவோ, குட்டி யானையோ, தண்ணீர் லாரியோ, வாசகம் மாறுவதில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தேடமாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார். “இழுக்காதப்ப சத்தம் ஏறுதா, அடங்குதா?”

சத்தம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. அதன் சக்தி சக்கரத்துக்குப் போகும் வழியில் எங்கோ வழுக்குகிறது. சத்தமே ஏறாமல் திணறுகிறது என்றால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது, அல்லது அது தூக்கவே முடியாத பாரத்தைத் தூக்கச் சொல்லியிருக்கிறோம். இந்த ஒரு கேள்வி பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடுகிறது.

மோட்டார் படகுக்கும் இதே கேள்விதான். ஆனால் படகு விஷயத்தில் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கவும், அதற்குப் பதிலை அளந்து சொல்லவும் மனிதர்களுக்குக் கணிசமான காலம் பிடித்தது. அந்த வரலாற்றில் இங்கிலாந்தின் டைன் ஆறு வருகிறது, நார்வே வருகிறது, கொல்லம் வருகிறது. கடைசியில் கடலிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் உள்ளே இருக்கிற நம்முடைய மேற்குப் புறநகரும் வருகிறது. 2015 டிசம்பருக்குப் பிறகு, படகு எஞ்சின் இழுக்குமா இழுக்காதா என்பது மீனவர்களின் கவலை மட்டுமில்லை. பூந்தமல்லிக்காரர்களின் கவலையும்தான்.

மும்மடிக் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

தண்ணீரில் சுழலும் புரொப்பெல்லர் எஞ்சினிடம் கேட்கும் சக்தி, சுழற்சி வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. அதாவது வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி தேவை. திருப்பிச் சொன்னால், பாதி வேகத்தில் ஓடும்போது எஞ்சின் தன் முழுச் சக்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 40 குதிரைத்திறன் எஞ்சின் பாதி வேகத்தில் வெறும் 5 குதிரைத்திறன் வேலைதான் பார்க்கிறது.

இப்போது அந்த எஞ்சினுக்கு உள்ளே ஏதோ கெட்டுப்போய், அதிகபட்சம் 20 குதிரைத்திறன்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். பாதிச் சக்தி போய்விட்டது. ஆனால் பாதி வேகத்தில் அதற்குத் தேவை 5 மட்டும். ஆகவே எந்த வித்தியாசமும் தெரியாது. முக்கால் வேகத்தில்கூடத் தேவை 17 அளவில்தான் இருக்கும். அதையும் அது சமாளித்துவிடும். கரையோரமாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவர் ‘சூப்பரா இருக்கு’ என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கியரைப் போடாமல் வெறுமனே உறுமவிட்டுப் பார்த்தால் இன்னும் மோசம். அப்போது புரொப்பெல்லர் எதையும் கேட்பதே இல்லை. பாதி செத்த எஞ்சினும் சிங்கம் மாதிரி கர்ஜிக்கும்.

‘சும்மா இருக்கும்போது நல்லாதான் இருக்கு’ என்ற புகார் ஒரு தகவலே இல்லை என்பதுதான் இதன் பொருள். சும்மா இருக்கும்போது எல்லா எஞ்சினும் நன்றாகத்தான் இருக்கும். மென்பொருள் துறையில் இதற்கு லோட் டெஸ்டிங் என்று பெயர் வைத்துத் தனியாக ஆள் போட்டுச் செய்கிறோம். பத்துப் பேர் பயன்படுத்தும்போது ஓடிய நிரல், பத்தாயிரம் பேர் வந்தால் ஓடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. படகுக்காரர்கள் இதை நமக்கு ரொம்ப முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சத்தம் ஏறியது, கப்பல் ஏறவில்லை

சார்லஸ் பார்சன்ஸ் என்ற பொறியாளர் 1884இல் நீராவி டர்பைனை உருவாக்கினார். மின்சாரம் தயாரிக்க அது அற்புதமாக வேலை செய்தது. அதைக் கப்பலில் பொருத்தினால் என்ன என்ற யோசனையில் 1894இல் டர்பினியா என்ற சிறிய கப்பலைக் கட்டினார். ஏறத்தாழ 100 அடி நீளம், 44 டன் எடை. சாதாரண நீராவி எஞ்சினை விடப் பல மடங்கு வேகமாகச் சுழலும் இயந்திரம் உள்ளே இருக்கிறது. கப்பல் பறக்க வேண்டும். பறக்கவில்லை. எவ்வளவோ புரொப்பெல்லர்களை மாற்றி மாற்றிப் பார்த்தும் 20 நாட் வேகத்தைத் தாண்ட முடியவில்லை.

நம் மெக்கானிக்கின் கேள்வியை இங்கே கேட்போம். சத்தம் ஏறியதா? ஏறியது. அச்சு மிக வேகமாகச் சுழன்றது. ஆனால் கப்பல் போகவில்லை. அப்படியென்றால் சக்தி வழியில் எங்கோ வழுக்குகிறது.

பார்சன்ஸ் இதை ஊகமாக விடவில்லை. அச்சில் ஒரு முறுக்குமானியைப் பொருத்தி, டர்பைன் உண்மையில் எவ்வளவு சக்தியைப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கிறது என்று அளந்தார். டர்பைன்மேல் குற்றமில்லை என்று தெரிந்தது. குற்றவாளி புரொப்பெல்லருக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்தது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் எச்.எம்.எஸ். டேரிங் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் இதே நோயால் அவதிப்பட்டது. அதைக் கட்டிய தார்னிகிராஃப்ட் நிறுவனத்தில் சிட்னி பார்னபி காரணத்தைக் கண்டறிந்தார். புரொப்பெல்லர் தகடு மிக வேகமாகச் சுழலும்போது அதன் ஒரு பக்கத்தில் அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்குகிறது. அழுத்தம் போதுமான அளவு குறைந்தால் தண்ணீர் கொதிப்பதற்குச் சூடே தேவையில்லை. குளிர்ந்த கடல்நீர் அங்கேயே ஆவியாகிக் குமிழ்கள் உண்டாகின்றன. தகடு தண்ணீரைத் தள்ளுவதற்குப் பதிலாக வெற்றுக் குழிகளைத் துழாவிக்கொண்டிருக்கிறது. இந்த நிலைக்கு ‘கேவிடேஷன்’ என்று பெயர் வைத்தவர் ராபர்ட் எட்மண்ட் ஃபிரௌட். டேரிங் கப்பலுக்குத் தகட்டின் பரப்பைக் கூட்டியதும் வேகம் வந்தது. அதே உந்துதலை அதிகப் பரப்பில் பரப்பிக் கொடுத்தால் எந்த ஓர் இடத்திலும் அழுத்தம் கொதிக்கும் அளவுக்கு இறங்காது.

பார்சன்ஸ் 1895இல் ஒரு சிறிய மூடிய தொட்டி செய்தார். உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, ஒரு குட்டிப் புரொப்பெல்லரைச் சுழலவிட்டு, குமிழ்கள் உண்டாவதைக் கண்ணால் பார்த்தார். உலகின் முதல் கேவிடேஷன் தொட்டி அதுதான். பிறகு டர்பினியாவின் ஒற்றை அச்சைக் கழற்றிவிட்டு மூன்று அச்சுகள், அச்சுக்கு மூன்று வீதம் ஒன்பது புரொப்பெல்லர்கள் வைத்தார். கப்பல் 34 நாட் வேகத்தைத் தொட்டது. 1897 ஜூன் 26 அன்று, விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்காக ஸ்பிட்ஹெட் கடலில் அணிவகுத்து நின்ற கப்பற்படையின் நடுவே டர்பினியா அழையா விருந்தாளியாகப் புகுந்து ஓடியது. துரத்திய படகுகளால் பிடிக்க முடியவில்லை. ஒன்பது வருடம் கழித்து வந்த டிரெட்நாட் போர்க்கப்பல் டர்பைனில் ஓடியது.

இந்தக் கதையைப் பொதுவாக வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்த இடம் ஸ்பிட்ஹெட் இல்லை, அந்த முறுக்குமானி. எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன்னால் எஞ்சினை அளந்து பார்த்த இடம்.

ஃபிரௌட் குடும்பத்தைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். ராபர்ட்டின் அப்பா வில்லியம் ஃபிரௌட், மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து அலைகளின் எதிர்ப்பைக் கணக்கிட்டவர். 1877இல் தண்ணீரால் எஞ்சினுக்குச் சுமை கொடுத்து அதன் சக்தியை அளக்கும் டைனமோமீட்டரையும் வடிவமைத்தார். எஞ்சின் அச்சில் இணைத்த ஒரு சுழலி, தண்ணீர் நிரம்பிய கூட்டுக்குள் சுற்றும். தண்ணீர் அதைத் தடுக்கும். அந்தத் தடையை அளந்தால் எஞ்சினின் உண்மையான பலம் தெரியும். கப்பலை ஆலைக்குள் கொண்டுவர முடியாது என்பதால் கடலின் சுமையை ஆலைக்குள் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். இவரிடம் கடைசியில் திரும்ப வருவோம்.

நார்வேக்காரர்களும் நம் கரையும்

படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை வியாபாரமாக வெற்றிபெறச் செய்தவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர். ஏரியில் படகு துடுப்பு போட்டுப் போய்க் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டது, அந்தக் கடுப்பில்தான் மோட்டார் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. 1909இல் விற்பனைக்கு வந்த அவருடைய மோட்டாரின் பலம் ஒன்றரைக் குதிரைத்திறன்.

அதே நார்வே நம் பக்கம் வந்தது 1952இல். இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தின்படி கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. ஏற்கனவே இருக்கிற வள்ளங்களில் எஞ்சினைப் பொருத்திவிடலாம் என்பது முதல் எண்ணம். அது சரிவரவில்லை. குடைந்த மரத்தில் செய்த வள்ளம் துடுப்புக்காகவும் பாய்க்காகவும் செதுக்கப்பட்ட உடல். எஞ்சினின் எடையும் அதிர்வும் அந்த உடலுக்குப் புதிது. கடைசியில் எஞ்சினுக்கு ஏற்றபடி புதிய படகுகளையே வடிவமைக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதை விசைப்படகு, இறால் ஏற்றுமதி, இழுவலை என்று வேறு திசையில் போய்விட்டது. அது தனிக் கதை.

சிறு படகுக்காரர்களின் பிரச்சினையைக் கையில் எடுத்தவை பிறகு வந்த முயற்சிகள். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜிலே ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டினார். அந்த அனுபவத்தை எழுதியபோது புத்தகத்துக்கு ‘சிறியது கடினம்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். ‘சிறியதே அழகு’ என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டம் ஆரம்பித்தது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு நடத்தியது, சுவீடன் பணம் கொடுத்தது. அதில் வேலை செய்த படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்ட்சன், அவரும் நார்வேக்காரர்.

சோழமண்டலக் கரையில் எஞ்சின் வைப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குள் போகவேண்டும், அதே அலையில் ஏறித்தான் மணலில் வந்து இறங்கவேண்டும். கட்டுமரம் இதற்காகவே பிறந்தது. மரங்களைக் கயிற்றால் கட்டியதால் அலை உள்ளே புகுந்து வெளியே போய்விடும். ஆனால் அடியில் புரொப்பெல்லர் நீட்டிக்கொண்டிருந்தால் கரை தட்டும்போது மணலில் இடிக்கும். வங்காள விரிகுடாத் திட்டத்தினர் கரையேறும் படகுகளுக்கென்று, அலையில் வரும்போது எஞ்சினோடு சேர்த்துச் சாய்த்து மேலே தூக்கிவிடக்கூடிய ஒரு புரொப்பெல்லர் அமைப்பை உருவாக்கினார்கள்.

சின்னப் படகுகளில் எரிபொருளை எப்படி மிச்சப்படுத்துவது என்பதைக் குல்பிரான்ட்சன் மீனவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் புரியும்படி எழுதினார். அதன் சாரம், மேலே பார்த்த மும்மடிக் கணக்குதான். எஞ்சின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் சக்தி பாதியாகிறது. எஞ்சினுக்கும் படகுக்கும் பொருந்தாத புரொப்பெல்லர், டீசலைக் கடலில் கொட்டுவதற்குச் சமம்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை முழுவதும் ஃபைபர் படகுகள் பெருகின. பெரும்பாலானவற்றில் காற்றால் குளிரும் சிறிய டீசல் எஞ்சினும் அதிலிருந்து பின்னால் நீளும் கம்பியின் முனையில் புரொப்பெல்லரும் இருக்கும். லாங் டெயில் என்பார்கள். பார்க்க நாட்டுத்தனமாக இருக்கும். ஆனால் எஞ்சின் படகின் மேலே காற்றில் இருக்கிறது. கம்பியைக் கையால் தூக்கினால் புரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வந்துவிடும். ஆழமில்லாத இடம், மணல், குப்பை எதற்கும் இது அசராது. கேரளக் கரையிலோ 1980களிலிருந்து ஜப்பானிய அவுட்போர்டுகள்தான் அதிகம். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் அடுத்த நாள் காலை கார்பரேட்டருக்குள் மண்ணெண்ணெய்தான் மிச்சம் இருக்கும், எஞ்சின் கிளம்பாது. எரிபொருள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 2022 ஆகஸ்ட்டில் அங்கே மண்ணெண்ணெய் விலை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பழுதே இல்லாத எஞ்சின்கள் கரையில் நின்றன.

தெருவில் படகு

2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழை சென்னைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அந்த இரவு விநாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு அடையாற்றில் இறங்கியது. திருமுடிவாக்கம், மணப்பாக்கம், முகலிவாக்கம் என்று தெருக்கள் ஆறாயின. வடக்கே கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் ஏரிகளின் உபரிநீர் வேறு.

மறுநாள் இந்தத் தெருக்களுக்குள் படகுகள் வந்தன. ராணுவமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் காற்றடைத்த ரப்பர் படகுகளோடு வந்தார்கள். அவர்களுடைய நான்காவது படைப்பிரிவு நமக்கு மேற்கே அரக்கோணத்தில்தான் இருக்கிறது. சென்னைக் கடற்கரையின் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அது அவர்களுடைய பிழைப்புக்கான படகு. தெருவில் காம்பவுண்டு சுவர்களுக்கும் மூழ்கிய கார்களுக்கும் நடுவே ஓட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தும் கொண்டுவந்தார்கள்.

வெள்ளத் தெரு, படகு எஞ்சினுக்குக் கடலைவிடக் கொடுமையான இடம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இங்கேயும் அதே கேள்விதான், சத்தம் ஏறுகிறதா, அடங்குகிறதா.

சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லை. முதல் சந்தேகம், புரொப்பெல்லரில் ஏதாவது சுற்றியிருக்கிறதா என்பது. பிளாஸ்டிக் பை, சேலை, கேபிள் வயர் எல்லாம் மிதக்கும் தண்ணீர் இது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை விட்டுப் பார்க்கவேண்டும், ஓடும்போது அல்ல. லேசாகச் சுற்றியிருந்தால் படகு வழுக்கும், இறுகச் சுற்றியிருந்தால் எஞ்சினே திணறும். இரண்டாவது, பின்பக்கம் ஆள் குறைந்து முன்பக்கம் பாரம் ஏறியிருந்தால் புரொப்பெல்லர் மேலே எழும்பிக் காற்றை இழுக்கும். நாலு பேரைப் பின்னால் நகரச் சொன்னாலே சரியாகிவிடும். மூன்றாவது, அவுட்போர்டு புரொப்பெல்லரின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. பாறையில் இடித்தால் கியர் உடையாமல் இருக்க, அந்த ரப்பர் வழுக்கிக் கொடுக்கும். காம்பவுண்டு சுவரில் நாலு முறை இடித்த ரப்பர் அதன்பிறகு எப்போதும் வழுக்கும். மெதுவாகப் போனால் பிடித்துக்கொள்ளும், வேகம் கொடுத்தால் விட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. புஷ்ஷுக்கும் உலோகத்துக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டு ஓட்டிப் பார்த்தால், கோடு விலகியிருப்பது காட்டிக்கொடுத்துவிடும்.

சத்தமே ஏறவில்லை. அப்படியென்றால் முதலில் டேங்க் மூடி. அதில் காற்றுத் துளைக்கு ஒரு திருகு உண்டு. லாரியில் ஏற்றும்போது பெட்ரோல் சிந்தாமல் இருக்க அதை மூடுவார்கள். திறக்க மறந்தால் எஞ்சின் ஜோராகக் கிளம்பும், சில நிமிடம் ஓடும். டேங்குக்குள் வெற்றிடம் கூடக்கூடப் பெட்ரோல் வருவது குறைந்து, சரியாக நடு வெள்ளத்தில் படுத்துக்கொள்ளும். அடுத்து, ரப்பர் குமிழ். எஞ்சின் திணறும்போது குழாயில் இருக்கும் குமிழைக் கையால் அமுக்கிப் பார்க்கவேண்டும். அமுக்க அமுக்கப் பலம் வந்தால் எரிபொருள் பம்ப்போ குழாயோதான் காரணம். அடுத்து ஃபில்டரில் தண்ணீர். வெள்ளத்தில் கேன்களில் கைமாறி வரும் பெட்ரோலில் மழைத்தண்ணீர் கலப்பது சகஜம். அடுத்து சூடு. அவுட்போர்டு தன்னைக் குளிர்விக்கும் தண்ணீரை வெளியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. சேறும் பிளாஸ்டிக்கும் அந்த வாயை அடைத்தால், பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும் சின்ன நீர்த்தாரை நின்றுபோகும். புதிய எஞ்சின்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழையவை எரிந்துபோகும். லாங் டெயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றில் குளிர்வதால் சேறு அதற்குப் பொருட்டில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் கடைசிக் காரணம் பாரம். இங்கேதான் அப்பா ஃபிரௌட் வருகிறார். வேகப்படகு ஓட ஆரம்பிக்கும்போது தன் அணியத்துக்கு முன்னால் தானே ஓர் அலையை எழுப்புகிறது. கொஞ்சம் வேகம் கூடினால் அந்த அலைமேல் ஏறி, தண்ணீரின் மேற்பரப்பில் சறுக்கத் தொடங்குகிறது. மீட்புப் படகுக்கான புரொப்பெல்லரைப் பெரும்பாலும் இந்தச் சறுக்கலுக்குத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். இரண்டு மூன்று வீரர்களோடு அது பாய்ந்து போகும். திரும்பி வரும்போது பத்துப் பேர். 600 கிலோ கூடிவிட்டது. படகால் தன் சொந்த அலைமேல் ஏற முடியவில்லை. எஞ்சின் தன் வேகத்தை எட்டமுடியாமல், டாப் கியரில் மலை ஏறும் வண்டி மாதிரி முக்குகிறது. எஞ்சினில் பழுது ஒன்றும் இல்லை. புரொப்பெல்லரின் பிட்ச் அதிகம், அவ்வளவுதான். ஒரு சுற்றுக்குத் தண்ணீரில் எத்தனை அங்குலம் முன்னேறப் பார்க்கிறது என்பதுதான் பிட்ச். அதில் ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை கூடும். பாரம் இழுக்கும் படகுக்கு வேறு புரொப்பெல்லர் வேண்டும். மீனவர்களுக்கு இது பாலபாடம். வலையும் மீனுமாகத் திரும்பி வருவதுதான் அவர்களுடைய வழக்கமான பயணம். அவர்கள் படகு போகும்போது காட்டும் வேகத்துக்காகக் கட்டப்பட்டதில்லை, வரும்போது சுமக்கும் பாரத்துக்காகக் கட்டப்பட்டது.

அந்த டிசம்பரில் மீனவர்களின் உதவி பற்றி எவ்வளவோ நெகிழ்ச்சியாக எழுதினோம். அவர்களுடைய மனசைப் பாராட்டினோம், சரிதான். அவர்களுடைய தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசினோமா என்பது சந்தேகம். அலையிலும் மணலிலும் பாரத்தோடு ஓடிப் பழகிய படகும், சத்தத்தை வைத்தே பழுது சொல்லும் காதும் அன்றைக்குத் தெருவுக்கு வந்த அறிவு. வெறும் நல்ல மனசு மட்டுமாக அதைச் சுருக்கிவிட்டால், அடுத்த வெள்ளத்துக்கு அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்றாகிவிடும்.

ஆவடியில் நீந்தும் எஞ்சின்

ஆவடி என்ற பெயரே ராணுவ வாகனக் கிடங்கின் ஆங்கிலச் சுருக்கம் என்று ஒரு வாட்ஸ்அப் வரலாறு சுற்றிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலை வருவதற்கு முன்பே, 1955இல் நேரு கலந்துகொண்ட காங்கிரஸ் மாநாடு ஆவடியில்தான் நடந்தது. அப்போதும் ஊர் பெயர் ஆவடிதான். பெயர் அப்படி வரவில்லை என்றாலும் ஊர் அப்படி ஆனது உண்மை. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1987இல் எஞ்சின் தொழிற்சாலை வந்தது. டி-72 டாங்கியின் 780 குதிரைத்திறன் எஞ்சின் இங்கே தயாராகிறது. கூடவே இன்னொரு சின்ன எஞ்சினும் தயாராகிறது. 300 குதிரைத்திறன் கொண்ட யூ.டி.டி.-20. தெலங்கானாவின் மேதக்கில் தயாராகும் சரத் என்ற காலாட்படை வாகனத்துக்கு அது போகிறது. ரஷ்யாவின் பி.எம்.பி.-2 வாகனத்தின் இந்திய வடிவம்தான் சரத்.

சரத் நீந்தும். ஏறத்தாழ 14 டன் இரும்பு, உள்ளே வீரர்களோடு ஆற்றில் இறங்கி, பட்டைச் சக்கரங்களைத் தண்ணீரில் துழாவி, மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் அக்கரை போய்ச் சேரும். தரையில் 65 கிலோமீட்டர் வேகம் போகிற வாகனம் அது. நடு ஆற்றில் எஞ்சின் இழுக்க மறுத்தால் இறங்கித் தள்ள முடியாது. ஆகவே கடலிலிருந்து இத்தனை தூரம் தள்ளி இருக்கிற இந்த ஊரும் ஒருவகையில் படகு எஞ்சின் செய்கிற ஊர்தான்.

இப்படிப்பட்ட எந்த எஞ்சின் ஆலையிலும் ஒரு விதி உண்டு. எஞ்சினைக் கிளப்பி, உறுமவிட்டு, ‘நல்லா இருக்கு’ என்று யாரும் அனுப்பமாட்டார்கள். டைனமோமீட்டரில் பூட்டி, முழுச் சுமை ஏற்றி, எண்ணைக் குறித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். 1877இல் வில்லியம் ஃபிரௌட் வடிவமைத்த டைனமோமீட்டரின் வேலையும் அதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத் பட்டறைகளில் வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிய செய்தி இல்லை. சுமையில் சோதிக்காத பொருள், சோதிக்காத பொருள்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றது. மறுபடி தெருக்களில் படகுகள். இப்போதெல்லாம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே படகுகளைத் தயார்நிலையில் வைப்பது நிர்வாகத்தின் வழக்கமாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் ‘தயார்நிலை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை இறக்கிக் கிளப்பிப் பார்த்தால் அது கிளம்புகிறது என்று மட்டும்தான் தெரியும். கணக்கு நமக்குத் தெரியும். பாதி செத்த எஞ்சினும் டிரம்மில் உறுமும்.

சரியான சோதனைக்குப் பெரிய செலவு கிடையாது. ஆளுக்கு 60 கிலோ வைத்தால் பத்துப் பேருக்கு 600 கிலோ. ஐம்பது கிலோ மணல் மூட்டை பன்னிரண்டு. வெள்ளம் வந்தால் கரையை அடைக்க எப்படியும் மணல் மூட்டை கட்டப்போகிறோம். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என்று நம் பக்கம் ஏரிக்குப் பஞ்சமில்லை. செப்டம்பர் மாதம் ஒரு நாள், மூட்டைகளைப் படகில் ஏற்றி, முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டவேண்டும். டேங்க் திருகு மூடியிருந்தாலும், பம்ப் தளர்ந்திருந்தாலும், ரப்பர் புஷ் வழுக்கினாலும், பிட்ச் பொருந்தாவிட்டாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அநேகமாகத் தெரிந்துவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கவேண்டும். அடுத்த செப்டம்பரில் அந்த எண் குறைந்திருந்தால் ஏன் என்று கேட்கவேண்டும். கேட்பதற்குக் குப்பத்திலிருந்து ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து வந்து படகில் உட்கார வைக்கவேண்டும்.

படகில் முதலில் ஏறுகிறவர்கள் மணல் மூட்டைகளாக இருக்கட்டும். இழுக்கவில்லை என்றால் அவை கோபித்துக்கொள்ளாது.